மாமரத்தைக் கவ்வாத்து வெட்டிய நாள்

தொண்ணூறுகளில் ஒரு ஆடி மாதம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தை, அந்த ஒற்றை அறை வரிசை வீட்டை, விட்டு நாங்கள் குண்டசாலைக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. லயத்துக் காம்பராவில் பிறந்து, லயத்துக் காம்பராவிலேயே கல்யாணம் கட்டி, பிள்ளையும் அங்கேயே பெற்றவள் நான். எங்கள் இரண்டு பக்கச் சனத்திலும் சொந்தமாக ஒரு கூரை போட்டவர்கள் நாங்கள்தான் முதல். இரண்டு அறை, ஒரு ஹோல், பின்னால் ஒரு குசினி. எல்லாவற்றுக்கும் ஓடு. தினமும் காலையில் வெளியே வந்து அந்த ஓடுகளை எண்ணிப் பார்ப்பேன். எனக்கு நூறுக்கு மேல் எண்ண வராது, அதனால் நூறு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன்.

வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு பழைய மாமரம் நின்றது. பழம் அப்படி ஒரு புளிப்பு. அணில்கூட ஒரு கடி கடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போகும். அடிமரத்தில் கறையான். மரம் மேட்டிலிருந்து எங்கள் கூரைப் பக்கமாகச் சாய்ந்து, காது கேட்காத மாமியார் மாதிரி வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கும். அந்த ஆடிக் காற்றில் ஒரு கிளை முறிந்து குசினிக்குப் பக்கத்தில் விழுந்தது. இனி வெட்டியே ஆக வேண்டும் என்று நான் அழாத குறையாகச் சொன்னேன்.

எங்கள் வீட்டுக்காரர் கண்டி டவுனில் ஒரு கடையில் கணக்குப் பார்ப்பவர். நல்ல மனுசன்தான். ஆனால் வாழைப்பழம் வாங்கினால், காம்பையும் சேர்த்து நிறுத்துவிட்டானே என்று மூன்று நாள் மனம் வருந்துவார். சந்தியில் மரம் வெட்டுகிற மேஸ்திரி ஒருவர் இருந்தார், பாஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். பெரிய வயிறு, வாய் நிறைய வெற்றிலை. அவர் வந்து மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேலே ஆள் ஏற்றி, கயிறு போட்டு, வீட்டுப் பக்கத்துக் கிளைகளை முதலில் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், இரண்டு நாள் பிடிக்கும் என்று சொல்லி, கூலியையும் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, சாவு வீட்டுச் செய்தி வந்த மாதிரித் திண்ணையில்லாத வீட்டில் உட்கார இடம் தேடினார்.

பாஸ் போனதும் அவருக்கு ஞானம் பிறந்தது.

"ஒன் தம்பி தோட்டத்துல வெட்டுத்தானே வெட்டுறான்? அவனக் கூப்பிட்டா ஆகாதா?"

"அவன் வெட்டுறது தேயிலைங்க."

"தேயிலையும் மரந்தானே. வெட்டாம வுட்டா அதுவும் வளந்துரும்."

என் தம்பி ஹந்தானையில் கவ்வாத்து ஆள். வளர்ந்த தேயிலைச் செடியை இடுப்பளவில் தட்டையாக வெட்டி விடுவதுதான் கவ்வாத்து. அதில் அவனை அடிக்க அந்த மலையில் ஆள் கிடையாது, உண்மை. ஆனால் தன் இடுப்புக்கு மேலே இருக்கிற எதையும் அவன் அதுவரை வெட்டியதில்லை. தலைமுடிகூட நான்தான் வெட்டி விடுவேன்.

சொந்தக்காரனுக்குக் கூலி கொடுக்க முடியுமா? கோழிக்கறிச் சோறு, ஒரு போத்தல் சாராயம், அவ்வளவுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கவ்வாத்துக் கத்தியோடும், எங்கிருந்தோ இரவல் வாங்கிய, மரம் அறுக்கிற பெரிய வாளோடும் வந்து இறங்கினான். கூடவே அதே கவ்வாத்துக் கூட்டாளிகள் இரண்டு பேர்.

வீட்டில் என் மாமனாரும் இருந்தார். தோட்டத்தில் ஆட்களை மேய்த்து வேலை வாங்குகிற கங்காணியாக இருந்து ஓய்வு எடுத்தவர். உத்தியோகம்தான் ஓய்ந்தது, வாய் ஓயவில்லை. வேலை தொடங்கியதும் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து, "டேய், அந்த மேட்டுப் பக்கம் வெட்டாத, இந்த வீட்டுப் பக்கம் வெட்டு" என்று சத்தம் போட்டார். எங்கள் வீட்டுக்காரருக்கு மச்சான் முன்னால் மானம் போகிறதே என்று கோபம்.

"அப்பா, இது தோட்டம் இல்ல. நீங்க உள்ள போய் இருங்க."

கிழவருக்கு முகம் சுருங்கிப் போனது. "சரிப்பா. இனிமே நான் வெளிய வந்தா என் பேரு கங்காணி இல்ல" என்று சொல்லிவிட்டு குசினிக்குள் போய், அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவர் போட்ட சத்தம் சரியான சத்தம் என்று பிறகுதான் விளங்கியது. என் தம்பி மரத்தில் ஏறினான். வீட்டுப் பக்கத்துக் கிளைகளை வெட்டினால் ஓடு உடையும், அக்கா திட்டுவாள் என்று பயம். அதனால் மேட்டுப் பக்கத்துக் கிளைகளை எல்லாம் பார்த்துப் பார்த்து வெட்டித் தள்ளினான். எவ்வளவு சுத்தம் என்கிறீர்கள், ஒரே மட்டமாக, கவ்வாத்து மலை மாதிரி. கீழே நின்று பார்த்த எனக்கே பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மேட்டுப் பக்கம் மொட்டை, கூரைப் பக்கம் மட்டும் முழுக் கிளையும் இலையும். பாரம் மொத்தமும் வீட்டுக்கு நேராக. மரம் முன்னைவிட அதிகமாகக் குனிந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். கீழே இறங்கி, மூன்று பேருமாக அடிமரத்தில் வாளைப் போட்டு இழுத்தார்கள். பாதி போயிருக்கும். உள்ளே ஏதோ ஒன்று "டப்" என்றது. மரத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அடுத்த நிமிசம் வாள் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, பிடித்திருந்த மூன்று பேரும் ரோட்டில் நின்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் அவர்களுக்கும் முன்னால் ரோட்டில் நின்றார். எப்போது போனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"என்னாடா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒன்னுமில்லக்கா. மரம் கொஞ்சம் எளைப்பாறுது. சாப்புட்டுட்டு வந்து முடிச்சிர்றோம்."

"விழாதே?"

"சே சே. அது இன்னும் ஒரு மாசத்துக்கு அசையாது."

"அப்ப சரி. சோறு, கறி, போத்தல் எல்லாம் குசினியிலதான் இருக்கு. போய் ஒக்காந்து சாப்புடுங்க."

மூன்று பேரும் மரத்தைப் பார்த்தார்கள். குசினி அதற்கு நேர் கீழே. ஒருவனுக்குக் காலையிலிருந்தே வயிறு சரியில்லையாம். இன்னொருவனுக்கு அன்றைக்கு விரதமாம், கோழிக்கறிக்கு ஆசைப்பட்டு வந்தவனுக்கு. என் தம்பி மட்டும், "அக்கா, நீ எடுத்துட்டு வந்தியன்னா ரோட்டுலயே குந்தி சாப்புட்டுருவோம்" என்றான். தோட்டத்தில் மரம் எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்பெனி நிலம், கம்பெனி தேயிலை. இவர்களுக்கு மரத்துக்கு அடியில் வீடு இருக்கும் என்ற பழக்கமே இல்லை.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. குசினிக்குள் மாமனார்.

காற்று கூடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் மரம் கிரீச் கிரீச் என்றது. எங்கள் வீட்டுக்காரர் ரோட்டிலிருந்தே "அப்பா, அப்பா" என்று கத்தினார். உள்ளே கேட்டதோ இல்லையோ, பதில் இல்லை. அவர் உள்ளே போகக் காலை எடுத்து வைத்தார். மரம் மறுபடி ஒரு சத்தம் போட்டது. கால் தானாகவே திரும்பி வந்துவிட்டது. அவரைக் குறை சொல்லமாட்டேன், அது பயந்த கால்.

பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் ஓடினேன். வீரம் என்று நினைக்காதீர்கள். மாமனாருக்கு ஏதும் ஆனால் எட்டூர்ச் சனமும் மருமகளைத்தான் பேசும்.

உள்ளே கிழவர் நிம்மதியாகக் கோழிக்கறியும் சோறும் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, மரம் விழப்போகுது, எந்திரிச்சு வாங்க."

"விழட்டும். என் மகனுக்குத்தான் எல்லாந் தெரியுமே. அவன் பாத்துக்குவான்."

"மாமா, ஒங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்."

"நான் வெளிய வரமாட்டேன்னு சொல்லிட்டேன். கங்காணி பேச்சு ஒரு பேச்சுதான்."

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பாறாங்கல். தலைக்கு மேலே ஓட்டில் கிளை உரசுகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் யார் என் வாயில் அந்தப் பேச்சை வைத்தார்களோ, மாரியம்மாதான் வைத்திருக்க வேண்டும்.

"சரி மாமா, நீங்க சாப்புடுங்க. வெளிய மூணு ஆளும் வேலைய நிப்பாட்டிட்டு, கையக் கட்டிக்கிட்டு ரோட்டுல சும்மா நிக்கிறானுங்க. நான் போய் என்னான்னு கேக்குறேன்."

கிழவரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"சும்மா நிக்கிறானுங்களா?"

"ஆமா மாமா. பீடி வேற."

சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார். கழுவாத கையில் பொல்லை எடுத்தார். "எவன்டா அவன் வேலை நேரத்துல" என்று அவர் போன வேகத்துக்கு என்னால் பின்னால் ஓட முடியவில்லை. ரோட்டில் நின்ற மூன்று பேரும் மரத்துக்குப் பயந்து ஓடியதைவிட வேகமாக அவருக்குப் பயந்து ஓடினார்கள். பிறகுதான் கிழவர் திரும்பி மரத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். எனக்குத் தெரிந்து அந்த மனுசன் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மகனைப் பார்த்து, "போய் அந்த பாஸக் கூட்டிட்டு வா" என்று மெதுவாகச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் த்ரீவீல் பிடித்துக்கொண்டு போனார். பஸ் வரட்டும் என்று அவர் நிற்காதது அன்றைக்கு மட்டும்தான்.

பாஸ் உடனே வந்துவிடவில்லை. தன்னை விட்டுவிட்டு வேறு ஆளைப் பிடித்தார்கள் என்று அவருக்குக் கோபம். இவர் சந்திக் கடை வாசலில் நின்று கெஞ்சி, கிழவர் இருக்கிறார், பிள்ளை இருக்கிறது என்றெல்லாம் சொல்லித்தான் கூட்டி வந்தார். வந்தவர் மரத்தைப் பார்த்தார், வெற்றிலையைத் துப்பினார்.

"மாத்தயா, அன்னைக்கு நான் பாத்தது முழு மரம். இப்ப இது பாதி மரம். முழு மரத்த நான் வெட்டுவேன். பாதி மரத்துக்குக் கிட்ட என் ஆள அனுப்ப மாட்டேன்."

ஆனாலும் போய்விடவில்லை. தூரத்திலிருந்தே கயிற்றை வீசி மரத்தின் மேல் பக்கம் சுருக்குப் போட்டு, மேட்டிலிருந்த பலாமரத்தில் கட்டி, கப்பி வைத்து இறுக்கினார். "முழு வீட்டையும் காப்பாத்த ஏலாது. அறைகளுக்கு மேல விழாமத் திருப்பப் பாக்குறேன்" என்றார். பேசி வாயை மூடவில்லை, ஒரு பெரிய காற்று வந்தது. அடிமரம் கிழிந்தது. கயிறு விண்ணென்று இழுத்தது. மரம் பாதி வழியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு அறையையும் ஹோலையும் விட்டுவிட்டு, குசினிக்கு மேல் விழுந்தது.

தூசி அடங்கிப் பார்த்தால் குசினி இருந்த இடத்தில் மாவிலை. அடுப்பு இல்லை, சட்டி பானை இல்லை. மாமனார் உட்கார்ந்திருந்த பலகைக்கு மேலே என் இடுப்பைவிடப் பெரிய கிளை ஒன்று கிடந்தது. எங்கள் வீட்டுக்காரர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். கிழவர் அந்தப் பலகை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏ புள்ள, போறதுக்கு முன்னால இன்னொரு துண்டு கோழி எடுத்திருக்கலாம்."

பாஸ் சிரித்த சிரிப்பில் அவர் வயிறு தனியாகக் குலுங்கியது. என் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவன் அதற்குள் ஹந்தானை பஸ்ஸில் ஏறியிருந்தான்.

தை பிறக்கும்வரை நான் டெண்டுத் துணிக்குக் கீழேதான் சமைத்தேன். புதுக் குசினிக்கு ஆன செலவில் பாஸ் எங்கள் தெருவில் உள்ள எல்லா மரத்தையும் வெட்டித் தந்திருப்பார் என்று எங்கள் வீட்டுக்காரரே ஒருநாள் ஒப்புக்கொண்டார். மாமனார் அதற்குப் பிறகு பல வருசம் இருந்து, அந்தப் புதுக் குசினியில் என்னையும் நன்றாக வேலை வாங்கிவிட்டுத்தான் போனார். இன்றைக்கும் யாராவது வந்து சல்லிசாக வேலை செய்து தருகிறேன் என்றால், கூலி எவ்வளவு என்று நான் கேட்பதே இல்லை. வேலையை முடித்த பிறகு அதற்குக் கீழேயே பாய் போட்டு, என் கையால் ஒருவாய் சோறு சாப்பிட்டுவிட்டுப் போவாயா என்று மட்டும்தான் கேட்கிறேன். அந்தக் கேள்விக்குப் பாதிப்பேர் வாசலிலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள்.