தண்ணீருக்கடியில் டீ குடிப்பவர்

வடக்குத்து கிராமத்து எழில்மதிக்கு நெய்வேலி மெயின் பஜாரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர் வேலை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று பகல் முழுக்க அடுத்தவர் முகங்களை வெட்டி ஒட்டுவாள். காதில் மட்டும் எந்நேரமும் ராக் பாட்டு ஓடும். ஆல்பம் அட்டைகளில் வரும் ஒற்றைக் கண்ணுக்கும், தன் வாலையே விழுங்கும் பாம்புக்கும் என்ன பொருள் என்று தேடித் தேடிப் படிப்பாள்.

அது தெரிந்துதான் சுதாகர் அவளிடம் வந்தான். திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கும் பம்ப் பிரிவில் அவனுக்கு வேலை. ஷிப்ட் முடிந்தால் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் நண்பர்களோடு ராக் பாட்டு. முதல் ஆல்பத்துக்கு அட்டைப்படம் வேண்டும் என்றான்.

"ஒரு மண்ட ஓடு, அதுல சுத்திகினு ஒரு பாம்பு. அவ்ளோதான் எழிலு."

"பாட்டு எதப் பத்திண்ணே?"

சுதாகர் குரலைத் தாழ்த்தினான். "எனக்கு வர்ற கனவு. பம்பு எல்லாம் நின்னு போவுது. தண்ணி ஏறிகினே இருக்கு. அடியிலேர்ந்து என்னக் கூப்புடற மாதிரி எங்கப்பா இருமுற சத்தம் கேக்குது. அவரும் சுரங்கத்துலதான் வேல பாத்தாரு, போன வருஷம் தவறிட்டாரு இல்ல. ஓடவும் முடியல, குதிக்கவும் முடியல."

எழில்மதி மண்டை ஓடு வரையவில்லை. படிப்படியாக இறங்கும் சுரங்கம். அது நிறையப் பச்சைத் தண்ணீர். அதன் அடியில் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஒருவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, டம்ளரில் டீ குடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார். தண்ணீர் என்றால் ஆழ்மனம் என்று அவள் படித்திருந்தாள். அங்கே பயம்தான் உட்கார்ந்திருக்க வேண்டுமா என்ன?

சுதாகர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். "கூப்புடற மாதிரியே இல்லியே. சும்மா பாத்துகினு இருக்காரு," என்று சொல்லி, வீட்டுக்கு எடுத்துப் போனான்.

மறுநாள் கடைக்கு வந்தது அவன் அம்மா ராஜாம்பாள். செத்தவரைத் தண்ணீருக்குள் உட்கார வைத்ததற்குத் திட்டப் போகிறார் என்று நினைத்து எழில்மதி எழுந்து நின்றாள்.

"நீதான் வரைஞ்சியாம்மா?"

"ஆமாங்கம்மா."

"அவரு டம்ளர்ல குடிக்க மாட்டாரு. சாசர்ல ஊத்தி, ஊதி ஊதித்தான் குடிப்பாரு. அத மட்டும் மாத்திக் குடு. வூட்ல மாட்ட பெருசா ஒண்ணு வேணும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாசரின் சாய்வு சரியாக வரும்வரை ராஜாம்பாள் எழுந்திருக்கவில்லை.

ஆல்பம் இணையத்தில் வந்தது. அந்தச் சாசர் நிலவு என்றார் ஒருவர். நெற்றிக்கண் என்றார் இன்னொருவர். எழில்மதி யாரையும் திருத்தவில்லை. சுதாகருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள்.

"கனவு இன்னும் வருதாண்ணே?"

"வருது. இருமல் கேட்டா, டீ சூடா இருக்குபோலன்னு நெனச்சிக்குவேன். அப்டியே தூங்கிடறேன்."