கண்ணாடித் தொட்டியில் ஒரு குள்ள விரால்

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கம்பெனியில் குடும்ப தின விழா நடந்தது. குலுக்கலில் எங்கள் சீட்டு விழுந்தது. முன்னால் போனவர்களுக்கு மிக்ஸியும் குக்கரும் கிடைத்திருந்ததால், நானும் அப்படி ஏதோ வரும் என்று மேடைக்கு ஓடினேன். இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்து வைத்தது மூன்றடி நீள மீன் தொட்டி. உள்ளே மீனும் இல்லை, தண்ணீரும் இல்லை. மேலே ஒரு சிவப்பு ரிப்பன் மட்டும் கட்டியிருந்தது.

வடக்குப்பட்டில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் அதை வைத்தோம். கலர் கலராக நாலு குட்டி மீன் வாங்கி விடலாம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"அது சும்மா வாயைத் திறந்து திறந்து மூடும். வேட்டையாடுற மீனா ஒண்ணு வேணும்ட்டி. பாத்தா ஒரு கெத்து இருக்கணும்."

அவர் அம்பாசமுத்திரத்துப் பக்கம். நான் சேரப்பணஞ்சேரிக்காரி. அதே கம்பெனியில் ஒரே அசெம்பிளி லைனில் வேலை பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அதனால் அவரை நான் 'நீ' என்றுதான் பேசுவேன். அம்மா எதிரில் மட்டும் 'என்னங்க'.

"ஷிப்ட் முடிஞ்சி வந்தா தூங்கவே உனக்கு நேரம் பத்தல. வேட்டைய வேற பாக்கப்போறியா?" என்றேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை படப்பையில் இருந்த மீன் கடைக்கு அவரோடு வண்டியில் ஏறிப் போனேன்.

கடையில் இருந்த அக்கா முதலில் தொட்டியின் அளவைத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் நேராக அரோவானா முன்னால் போய் நின்றார். வெள்ளித் தகடு மாதிரி ஒரு மீன்.

"வேணாம் சார். இது வளந்தா உங்க தொட்டில திரும்பக்கூட முடியாது" என்றார் அக்கா.

அடுத்து, மீசையும் சிவப்பு வாலுமாக ஒரு கெளுத்திக் குட்டி. எனக்கே ஆசையாக இருந்தது. அது இன்னும் பெரிதாகுமாம், குளமே வெட்ட வேண்டியிருக்குமாம். ஆஸ்கார் மீனுக்கும் நாலடித் தொட்டியாவது வேண்டும் என்றார். நெற்றி புடைத்த பிளவர்ஹார்ன் ஒன்று எங்களைப் பார்த்துக் கண்ணாடியில் வந்து முட்டியது. "இது எங்க சூப்பர்வைசர் மாதிரியே கீது, வேணாம்" என்று நானே சொல்லிவிட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கடைசியாக, மூலையில் இருந்த சின்னத் தொட்டியைக் காட்டினார். கல்லுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புத் தலை எட்டிப் பார்த்தது. துடுப்பின் ஓரத்தில் நீலமும் ஆரஞ்சும் கோடு போட்டிருந்தன.

"சன்னா. வேட்டை மீனுதான். உங்க தொட்டிக்கு சரியா இருக்கும். ஒண்ணே ஒண்ணு விட்டா போதும். மூடி மட்டும் டைட்டா இருக்கணும், எகிறிடும்."

நான் குனிந்து பார்த்தேன். "இன்னாக்கா, விரால் மாதிரி கீது?"

"விரால் சாதிதாம்மா. இது குள்ளம்."

என் வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது. "எங்க வயக்காட்டு வாய்க்கால்ல கெடக்கும். இதையா விலைக்கு வாங்க?" என்றார். அந்த மீன் கல்லை விட்டு வெளியே வந்து, கண்ணை உருட்டி அவரையே பார்த்தது. அவர் பக்கவாட்டில் நகர்ந்தார். அதுவும் கூடவே நகர்ந்தது. அவ்வளவுதான், கவரில் போடச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே அம்மா பார்க்க வந்தாள். "இன்னாடி இது, விரால வூட்டுக்குள்ள வெச்சி வேடிக்க பாத்துகினு கீறீங்க? கொழம்புக்குக்கூட பத்தாதே!"

மீன் வந்த முதல் வாரம் முழுக்கக் கல்லுக்கு அடியிலேயே கிடந்தது. எறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டாலும் தொடவில்லை. அவர் வேலை விட்டு வந்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். "செத்துருமோ?" என்று என்னைக் கேட்பார். கெத்தெல்லாம் போய்விட்டது. எனக்கு மீனைவிட அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

ஒருநாள் மழை விட்டதும் டியூப் லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்தது. விளக்கை அணைக்கப் போனேன். இறக்கை உதிர்ந்த ஈசல் ஒன்று கையில் ஒட்டிக்கொண்டது. சும்மா போட்டுத்தான் பார்ப்போமே என்று மூடியைத் தூக்கித் தண்ணீரில் விட்டேன். கல்லுக்கு அடியில் இருந்த தலை மெல்ல மேலே திரும்பியது. உடம்பு வில்லாக வளைந்தது. டப் என்று ஒரு சத்தம், என் முகமெல்லாம் தண்ணீர். ஈசலைக் காணோம்.

நான் போட்ட கூச்சலில் அவர் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தார். "தேள் கொட்டிட்டா?"

"சாப்டுச்சுப்பா!"

இருவரும் சேர்ந்து ஈசல் பிடித்தோம். ஒவ்வொன்றுக்கும் அது பாய, அவர் விசில் அடித்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அந்தக் குஷியில் மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டுவிட்டோம். மறுநாள் காலை தொட்டி காலி. அவர் அதற்குள் வேலைக்குப் போயிருந்தார். துடைப்பத்தை எடுத்துக் கட்டிலுக்கு அடியில், கேஸ் அடுப்புக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். செருப்பு வைக்கும் இடத்தில், அவருடைய பழைய சேஃப்டி ஷூவுக்குப் பின்னால், தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. செத்துப்போச்சு என்று நினைத்துத் தொட்டேன். வாலால் என் கையில் ஓர் அடி அடித்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஈரத் துணியில் சுருட்டி எடுத்துத் தொட்டியில் விட்டேன். மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலக் கல்லுக்கு அடியில் புகுந்துகொண்டது.

அதற்கப்புறம் அது என்னைக் கண்டால்தான் கண்ணாடிக்கு ஓடி வருகிறது. அவர் கூப்பிட்டால் திரும்புவதில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான். போதாததற்கு, ஊரிலிருந்து மாமியார் வீடியோ காலில் வந்தால், மகன் முகத்தைப் பார்த்த உடனேயே சொல்கிறார்:

"எலேய், நீ அங்கிட்டுத் தள்ளு. மீனைக் காட்டு."