திரும்பி வரும் பாதி

"நீ திரும்பி வருவேங்கறதுக்கு என்னம்மா அத்தாட்சி?"

மண்டபம் முகாமில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி என்னிடம் இப்படித்தான் கேட்டார். அதற்கு முன் என் வாழ்நாளில் யாரும் என்னை அந்தக் கேள்வி கேட்டதில்லை. ராசிபுரம் பக்கத்தைவிட்டு நான் போனதே இல்லை. பிறகு எங்கிருந்து திரும்பி வருவது?

நான் ஏன் அங்கே நின்றேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையைக் கொழும்பில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குச் சேலைக் கடையில் வேலை. அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்த அன்றே செத்துப்போனது. இரண்டாவது, கர்ப்பத்திலேயே போனது. மூன்றாவது முறை வயிறு நிறைந்திருந்தபோது ஆள் வைத்துக் கடிதம் எழுதினாள். 'அக்கா, இந்தத் தடவை நீ பக்கத்தில் இல்லாவிட்டால் நானும் போய்விடுவேன்' என்று அதில் இருந்தது. தாய் வீட்டுக்கு அழைத்து வந்து பிரசவம் பார்ப்பதுதான் முறை. ஆனால் கூலியாட்கள் இனி இலங்கைக்குப் போகக் கூடாது என்று சர்க்கார் தடை போட்டிருந்த காலம் அது. இந்தப் பக்கம் வந்தவர்கள் திரும்ப அந்தப் பக்கம் போவதே பெரும்பாடு என்று பேசிக்கொண்டார்கள். அவள் வந்து மாட்டிக்கொண்டால் புருசன் அங்கே, இவள் இங்கே. எங்கள் அம்மாவும் உயிரோடு இல்லை. அதனால் நான் கிளம்பினேன். நான் தாலியறுத்தவள். அப்பாவின் பட்டுத் தறிக்கு இழை சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அனுமதிச் சீட்டுக்காகச் சேலத்தில் ஓர் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சட்டத்தைச் சொன்னார். சொந்தக்காரரைப் பார்க்கப் போகலாம். வேலை செய்யக் கூடாது. மூன்று மாதம் தங்கலாம். வரும் வெள்ளிக்கிழமைக் கப்பலைத் தவறவிட்டால் சீட்டு செல்லாது. திரும்பி வருவதற்கான டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். மூன்று மாதக் கணக்கு இன்றைக்கே ஆரம்பம்.

"இன்னைக்கேவா? அங்க போயி எறங்கின நாள்ல இருந்து இல்லீங்களா?" என்றேன்.

"எழுதின நாள்லேர்ந்து."

"அப்ப நான் பஸ்ஸுல உக்காந்திருக்கறதும் இலங்கையில இருக்கற கணக்குத்தானுங்களா?"

"ஆமாம்."

"அப்படீன்னா எந்தங்கச்சிக்கு ராசிபுரம் பஸ்ஸுலயே பிரசவம் பாத்துரலாமுங்க."

அவர் சிரிக்கவில்லை. அப்பா என் முழங்கையைக் கிள்ளினார். எனக்கு வந்த கோபம் இன்றும் போகவில்லை. நாட்களை எண்ணத் தெரிந்தவன் அவற்றை எங்கிருந்து எண்ணுவது என்று தெரியாமல் சட்டம் எழுதியிருக்கிறான்.

அப்படியே சேலம் ரயில் நிலையத்துக்குப் போய் டிக்கெட்டையும் வாங்கிவிட்டோம். அதில் இரண்டு பாதி. "இது போறதுக்கு. இது வர்றதுக்கு. பத்திரம்," என்று சொல்லி டிக்கெட் கொடுத்தவர் அப்பா கையில் வைத்தார். அப்பா அதை வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் அடுத்து நடந்தது விளங்கும். எழுதப் படிக்கத் தெரியாத தெரு அது. முதலாளி நெசவுக்குப் பட்டு கொடுக்கும்போது ஒரு துணிக் கிழிசலை இரண்டாகக் கிழிப்பார். ஒரு பாதி பட்டோடு நெசவுக்காரன் வீட்டுக்குப் போகும். மறுபாதி அவரிடமே இருக்கும். சேலை திரும்பி வரும்போது இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கிழிந்த ஓரம் பொருந்தினால் வந்தது சரியான சேலை. போவது ஒரு பாதியோடு போகும், காத்திருப்பவன் மறுபாதியை வைத்திருப்பான். அப்பாவுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்தது அது.

இன்னொன்றும் உண்டு. வீட்டை விட்டு நெடுந்தூரம் போகிறவருக்காக மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மாடத்தில் வைப்பார்கள். போனவர் திரும்பி வந்து வாசற்படியில் நின்ற பிறகுதான், முடிச்சுப் போட்டவர் தன் கையால் அதை அவிழ்ப்பார். நடுவில் அவிழ்த்தால் போனவர் வரமாட்டார். நான் கிளம்பிய காலையில் அப்பா மஞ்சள் முடிச்சு ஒன்றை மாடத்தில் வைப்பதைப் பார்த்தேன். காசு என்று நினைத்தேன். என் டிக்கெட்டை என் சுருக்குப் பையில் போட்டுவிட்டதாக அவர் சொன்னார். நானும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஈரோட்டில் மாறி, திருச்சியில் மாறி வந்தேன். வழியில் டிக்கெட் கேட்டவர்களுக்கெல்லாம் போகிற பாதி போதுமாயிருந்தது. மண்டபத்தில்தான் வருகிற பாதியைக் கேட்டார்கள். சுருக்குப் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். வெற்றிலையும் பாக்கும் ஒற்றைப் பாதி டிக்கெட்டும் விழுந்தன. அந்த மஞ்சள் முடிச்சு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"எங்கப்பா ஊட்டுல முடிஞ்சு வெச்சிருக்கறாருங்க," என்றேன்.

"எதை?"

"டிக்கெட்டுங்க."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற புதுக்கோட்டைக்காரி, "உங்கப்பா டிக்கெட்டை அடை காக்கிறாராக்கும்? எத்தனை குஞ்சு பொரிக்கும்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"புருஷன் இருக்காரா?"

"இல்லீங்க."

"பிள்ளை குட்டி?"

"இல்லீங்க."

"நிலம் நீச்சு?"

"இல்லீங்க."

"பின்ன எதுக்காக நீ திரும்பி வரணும்? அங்கேயே ஏதாவது தோட்டத்துல கொழுந்து கிள்ளப் போயிடுவே. நீ திரும்பி வருவேங்கறதுக்கு என்னம்மா அத்தாட்சி?"

"எங்கப்பா இருக்கறாருங்க."

"எல்லாருக்கும் அப்பன் இருக்கான்."

அந்த மேசையைக் கவிழ்த்துவிட வேண்டும் போல இருந்தது. புருசன் செத்துவிட்டால் ஊரும் செத்துவிடுமா? ஆனால் அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அப்பா பேருக்குத் தந்தி எழுதிக் கொடுத்தவர் அவர்தான். 'திரும்பும் டிக்கெட் உடனே வேண்டும், மண்டபம்' என்பதுதான் செய்தி. வெள்ளிக்கிழமைக் கப்பலுக்குள் டிக்கெட் வந்து சேர்ந்தால் என்னை அனுப்புவதாகச் சொன்னார். வராவிட்டால் வந்த வழியே போக வேண்டியதுதான்.

காத்திருந்தேன். அம்மை குத்தினார்கள். துணிகளை ஆவியில் வேகவைத்துக் கொடுத்தார்கள். தகரத் தட்டில் சோறு போட்டார்கள். முள்கம்பிக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது.

கடலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஜேடர்பாளையத்தில் காவிரி கரை தட்டி ஓடுவதைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் உலகத்தில் தண்ணீர் கிடையாது என்று முடிவு கட்டியிருந்தவள் நான். இங்கே எதிர்க்கரை என்ற ஒன்றே இல்லை. வானம் இறங்கி வந்து தண்ணீரில் நின்றது. வாயில் இருந்த திட்டெல்லாம் அடங்கிப்போயிற்று. இவ்வளவு பெரிய ஒன்றுக்கு அந்தப் பக்கம் என் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நடுவே இருப்பது ஒரு துண்டுக் காகிதம். கடலைப் பார்த்துப் பயப்படுவதா, காகிதத்தைப் பார்த்துப் பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை உச்சி வெயிலில் முகாம் வாசலில் கூச்சல் கேட்டது. காவற்காரன் யாரையோ தடுத்துக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்தேன். கம்பிக் கதவுக்கு வெளியே அப்பா நின்றார்.

தபாலில் வரும் என்றுதான் நான் காத்திருந்தேன். சேலத்தைத் தாண்டாத மனிதர் அவர். ரயில் ஏறியதே இல்லை. தந்தி வந்ததும் தங்கை செத்துவிட்டாள் என்று தெருவே திரண்டு ஒப்பாரி வைத்ததாம். பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்ன பிறகுதான் அழுகை நின்றதாம். டிக்கெட்டைத் தபாலில் அனுப்ப முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கக் கூடாது. அதனால் முடிச்சோடு தானே புறப்பட்டுவிட்டார். ஒவ்வொரு நிலையத்திலும் தந்தியை நீட்டி, "இந்த ஊருக்குப் போற வண்டி எதுங்க சாமி?" என்று கேட்டுக் கேட்டே வந்திருக்கிறார். இடது கையை மூடியபடியே வைத்திருந்தார். முடிச்சு அதற்குள் இருந்தது. தூங்கும்போதும் அந்தக் கையைத் திறக்கவில்லை என்று சொன்னார். விரல்களில் மஞ்சள் ஏறியிருந்தது. நான் அவரைப் பார்த்தபடியே நின்றேன். கடலைப் பார்த்தபோது வந்த அதே மலைப்பு அப்போதும் வந்தது.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்ப்பா, டிக்கெட்ட எதுக்கு நீங்க வெச்சுக்கிட்டீங்க?"

"வர்ற பாதி காத்துக்கிட்டு இருக்கறவங்கிட்டத்தான இருக்கோணும்? ரெண்டையும் நீயே கொண்டு போயிட்டா நான் எதோட சேத்துப் பாக்கறது?"

அதிகாரி வந்தார். "ஐயா, வந்ததும் நல்லதாப் போச்சு. அவுத்துக் காட்டுங்க."

"அவுக்கக் கூடாதுங்க."

"ஏன்?"

"புள்ள இன்னும் ஊடு வந்து சேரலீங்க."

அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உள்ள இருக்கிறது டிக்கெட்டா, திருநீறான்னு நான் எப்படிய்யா நம்புறது? நாளைக்குக் கப்பல். அவுக்காட்டி இவ போக முடியாது. அவுத்தா இவ வரமாட்டாங்கிறீங்க. நான் என்னதான் செய்யட்டும்?"

"நான் வெளிய போயி அவரு பக்கத்துல நின்னுட்டு வந்தர்றனுங்க," என்றேன்.

"வெளிய கால் வெச்சே, மறுபடி அம்மை டாக்டர்லேர்ந்து ஆரம்பிக்கணும். கப்பல் போயிடும்."

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மணலில் குத்தவைத்து உட்கார்ந்து, கதவின் அடிக்கம்பிக்குக் கீழே துண்டை உள்ளே தள்ளினார். ஒரு முனையை வெளியே தன் காலால் மிதித்துக்கொண்டார். மற்றதெல்லாம் முகாமுக்குள் கிடந்தது. சுருக்கம் இல்லாமல் கையால் நீவிவிட்டார், தறியில் பாவு நூலை நீவுவது போலவே.

"இது நம்மூட்டு வாசப்படி. வந்து நில்லு சாமி."

அதிகாரியைப் பார்த்தேன். அவர் துண்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். இதற்கு எதிராகச் சட்டம் எதுவும் அவர் நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது.

செருப்பில்லாத காலோடு துண்டின் மேல் ஏறி நின்றேன். மணல் சூட்டுக்கு அது குளிர்ச்சியாக இருந்தது.

"வந்துட்டியா?" என்று கேட்டார் அப்பா.

"வந்துட்டனுங்ப்பா."

அவர் இடது கையைத் திறந்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் கீறி, பல்லால் இழுத்து அவிழ்த்தார். அறுந்த பட்டிழையை முடிகிற கை அது. உள்ளே நாலாக மடித்த வருகிற பாதியும் ஒரு காசும் இருந்தன. புதுக்கோட்டைக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்பா டிக்கெட்டைக் கம்பி வழியாக என்னிடம் நீட்டினார். என்னிடமிருந்த போகிற பாதியை அதோடு சேர்த்துப் பார்த்தேன். கிழிந்த ஓரம் பொருந்தியது. அதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். என் சீட்டில் அங்கேயே, கதவுக் கம்பத்தில் வைத்து முத்திரை குத்தினார்.

"ஐயா, அடுத்த தடவை டிக்கெட்டை அவகிட்டயே விட்டுடுங்க."

"அப்ப நான் எதைங்க வெச்சுக்கறது?" என்று கேட்டார் அப்பா.

அப்பா அங்கேயே மணலில் உட்கார்ந்து, வெறும் காசை அதே மஞ்சள் துணியில் வைத்து மறுபடி முடிந்தார். துண்டை உருவி உதறித் தோளில் போட்டார்.

"போயிட்டு வாரனுங்ப்பா."

"வா சாமி."

மறுநாள் வண்டி பாம்பன் பாலத்தில் ஊர்ந்தது. சன்னலுக்கு இரண்டு பக்கமும் கடல். மனிதன் கடலுக்கு நடுவில் தண்டவாளம் போட்டிருக்கிறான். அதைப் பார்த்தபோதும் அந்தத் துண்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. தனுஷ்கோடியில் கப்பல் ஏறினேன். குடலே வாய்க்கு வந்தது. ஆனால் உள்ளே போய்ப் படுக்க மனம் வரவில்லை. கரை மறைந்து, நான்கு பக்கமும் தண்ணீரே நிற்பதைக் கண் கொட்டாமல் பார்த்தேன்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் தங்கைக்கு வலி எடுத்தது. பகல் முழுதும் என் கையை விடவே இல்லை. பெண் பிள்ளை. பிறந்ததும் அழவில்லை. முதுகில் தட்டினேன், காலைப் பிடித்துத் தூக்கினேன், "அழு, அழுடி" என்று கத்தினேன். அழுதது. ஒரு சாண் உடம்புக்குள் இருந்து அவ்வளவு சத்தம் வந்ததைக் கேட்டு நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எழுதின நாளிலிருந்து எண்ணும் அந்தச் சட்டத்தால், பிள்ளைக்குத் தலை நிற்கும் முன்பே நான் கிளம்ப வேண்டியதாயிற்று. பஸ்ஸிலும் முகாமிலும் என்னிடமிருந்து பிடுங்கிய நாட்களை எவனும் திருப்பித் தரவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை.

ராசிபுரத்தில் இறங்கி வீட்டு வாசற்படியில் நின்றேன். அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். மாடத்திலிருந்து முடிச்சை எடுத்து வந்து என் முன்னால் அவிழ்த்தார். காசோடு சேர்ந்து மண்டபத்து மணலும் ஒரு சிட்டிகை உதிர்ந்தது.