லாசாலில் ஒரு பொய்த் துடக்கு

வெள்ளிக்கிழமை, பின்னேரம்

பாரிசிலிருந்து மொன்றியலுக்கு ஏழரை மணி நேரப் பறப்பு. அதில் பாதி நேரம் நான் தும்மலை அடக்கிக்கொண்டே வந்தேன். எனக்கு நோய், வருத்தம் ஒன்றுமில்லை. விமானக் குளிருக்கு என் மூக்கு எப்போதும் அப்படித்தான். ஆனால் 2020 மார்ச் நடுப்பகுதியில் அதை யாருக்கு விளங்கப்படுத்துவது? முன்வரிசையில் ஒருவர் ஒரேயொரு தடவை இருமினார். அத்தனை தலைகளும் திரும்பின. தண்ணீர் புரைக்கேறிவிட்டது என்று பாவம் அந்த மனிதர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பொதுவாக அறிவித்தார். ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டேன்.

விமான நிலையத்தில் இருந்த அதிகாரி, சீனாவுக்குப் போனீர்களா, ஈரானுக்கு, இத்தாலிக்கு என்று மூன்று கேள்விகள் கேட்டார். இருபத்தாறு வருடம் பாரிசில் பிரெஞ்சு பேசிய எனக்கு அவருடைய கியூபெக் பிரெஞ்சு பாதிதான் பிடிபட்டது. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பாரிசைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில் போன கிழமை பிள்ளைகள் பாதிப்பேர் இருமிக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். அதைச் சொல்லட்டா விடட்டா என்று யோசிப்பதற்குள் "பொன்ஜூர், அடுத்தவர்" என்று கையைக் காட்டிவிட்டார்.

நான் வந்தது தங்கை வசந்தியைப் பார்க்க. போன கோடையில் அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை அவள் தினமும் விழுங்க வேண்டும். சாதாரணச் சளி, தடிமனே அவளுக்கு ஆகாது. பதினொரு வருடமாகக் காணாத தங்கையை இந்த நேரம் பார்த்து ஏன் வந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். பயணச்சீட்டு எடுத்தது ஜனவரியில். ஏறும் நாள்வரை பாரிசில் கபேக்கள் திறந்துதான் இருந்தன.

வெளி வாசலில் தங்கையின் கணவர் குணம் நின்றார். முகத்தில் நீல முகக்கவசம். கட்டிப்பிடிப்பார் என்று கையை விரித்தேன். அவர் இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார்.

"மச்சாள், கோவிக்கக்கூடாது. வெளிநாட்டால வாற ஆக்கள் பதினாலு நாள் தனிய இருக்கவேணுமெண்டு நேற்று ரீவியில சொல்லிப்போட்டாங்கள். பின் சீற்றில இருங்கோ."

"பெட்டியையாவது தூக்குவீரோ?"

"நீங்களே வையுங்கோ, மச்சாள்."

வீடு லாசாலில், விமான நிலையத்திலிருந்து பதினைந்து கிலோமீற்றர் இருக்கும். வெளியே சைபருக்குக் கீழே ஐந்து பாகை. காரின் நாலு கண்ணாடிகளும் திறந்தபடி. பல்லுக் கிடுகிடுக்க அப்படியே போனோம்.

வழியில் தமிழ்க் கடையில் நிறுத்தினார். நான் இறங்கவில்லை. அரிசி மூட்டைகளைச் சனம் தோளில் சுமந்து வந்து கார்களில் அடுக்கியது. குணம் வெறுங்கையோடு திரும்பினார்.

"இஞ்சி றாத்தல் எட்டு டொலராம். போன கிழமை மூண்டு. அதுவும் முடிஞ்சுதாம்."

பக்கத்தில் ஒரு சீனக் கடை. உள்ளே விளக்கு எரிந்தது, கடைக்காரி கண்ணாடிக்குப் பின்னால் தனியே நின்றாள். நம் ஆட்கள் அந்த வாசலுக்குக் கிட்ட வந்ததும் நடைபாதையைவிட்டு இறங்கி, சேற்றுப் பனிக்குள் நடந்து, கடை கடந்ததும் திரும்ப ஏறினார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வாய்வரை வந்தது. அந்த மனுசி எங்கேயும் போய் வந்திருக்கமாட்டாள். பாரிசிலிருந்து வந்தவள் இங்கே காருக்குள் குந்தியிருக்கிறேன், என்னை ஒருவரும் விலத்திப் போகவில்லை.

எனக்கு ஒதுக்கியது நிலக்கீழ் அறை. கட்டில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரம், ஒரு குளியலறை, கூரையோடு ஒட்டி ஒரு சின்ன யன்னல். யன்னல் வெளி நிலத்தின் மட்டத்தில் இருந்ததால் வாசற்படியும் அதில் ஏறுபவர்களின் சப்பாத்துகளும் மட்டும் தெரியும். வசந்தி மாடிப்படியின் உச்சியில் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

"அக்கா, ஒருக்கா வந்து பாக்கட்டே?"

"வந்தியெண்டா அறைவன்," என்றேன். நானும் அழுதேன்.

அன்று இரவு மேலே குணம் தொலைபேசியில் கதைத்தது வெப்பக் குழாய் வழியே எனக்குத் தெளிவாகக் கேட்டது. மறுநாள் அவர்களுக்கு நெருங்கியவர்களின் கலியாணம். லண்டனிலிருந்தும் நியூயோர்க்கிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். போகாமல் இருக்கக் காரணம் சொல்ல வேண்டும். பாரிசிலிருந்து மச்சாள் வந்திருக்கிறா என்று சொன்னால், விடிவதற்குள் மொன்றியல் முழுக்க 'குணத்தார் வீட்டில் வருத்தம்' என்று கதை பரவிவிடும். மனுசன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"எங்களுக்குத் துடக்கு, அண்ணை. ஊரில வசந்தியின்ரை கந்தப்பு பெரியப்பா மோசம் போயிட்டார்."

கந்தப்பு பெரியப்பா கரவெட்டியில் கல்லுப்போல இருக்கிறார். நான் உடனே குணத்தின் கைத்தொலைபேசிக்கு எடுத்தேன்.

"உமக்கு விசரே? உயிரோட இருக்கிற மனுசனையெல்லே சாக்காட்டிப்போட்டீர்!"

"தொண்ணூறு வயசு, மச்சாள். ஆரும் போய்ப் பாக்கவே போகினம்?"

ஞாயிற்றுக்கிழமை, காலை

சாவுத் தீட்டு உள்ள துடக்குக்காரர் கலியாண வீட்டுக்குப் போவதில்லை. அதுவரை குணத்தின் கணக்குச் சரி. ஆனால் செத்த வீட்டுக்கு ஊரே வரும். சொல்லி அனுப்பத் தேவையில்லை, வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழக்கமுமில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று வருகிறவர்கள் சாப்பாட்டோடுதான் வருவார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த மனுசன் இதை எப்படித்தான் மறந்தாரோ!

முதலில் ஒரு சோடி சப்பாத்து யன்னலில் தெரிந்தது. பிறகு மூன்று. பிறகு எண்ண முடியாமல் போனது. எல்லாம் முதல்நாள் கலியாண வீட்டில் நின்ற கால்கள். குணம் புவாண்ட்-கிளேரில் வேலை செய்யும் பண்டகசாலைக்குப் போய்விட்டார். சனம் கழிப்பறைக் கடதாசிக்கு அடிபட்டதில் அவர்களுக்கு ஞாயிறும் வேலை. மேலே வசந்தி தனியே. வாசல் மணி அடித்தது. நான் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"திறவாதை!"

"அக்கா, பூமணி அக்கா வந்து நிக்கிறா. ரொக்ஸ்பரோவில இருந்து இந்தக் குளிருக்கை வந்திருக்கிறா. நான் ஆசுப்பத்திரியில கிடக்கேக்கை கிழமைக்கு மூண்டு நாள் சோறு கொண்டு வந்த மனுசி."

"ஆரெண்டாலும் திறவாதை!"

"செத்த வீட்டுக்கு வந்த சனத்தை வாசலிலை வைச்சுத் திருப்பி அனுப்பினா, நாளைக்கு எங்களோட ஆர் முகம் குடுத்துக் கதைப்பினம்?"

"ஆர் செத்தது? சொல்லு பாப்பம். ஆர் செத்தது?"

அவளுடைய செருப்புச் சத்தம் என் தலைக்கு மேலே வாசலை நோக்கிப் போனது. செத்த வீட்டில் பெண்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். கட்டிப்பிடித்து, கழுத்தில் முகம் வைத்து, மூக்கும் கண்ணும் ஒழுக அழுவார்கள். ஒருவர் விட்டால் அடுத்தவர். நான் மேலே ஓடவும் முடியாது. ஓடினால், எந்த வருத்தத்துக்குப் பயந்து கீழே கிடந்தேனோ அதை நானே கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும்.

உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் மேல் ஏறினேன். ஐம்பத்தெட்டு வயதில் அது எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள். யன்னலைத் தள்ளித் திறந்தேன். பனி முகத்தில் கொட்டியது. மேலே கதவின் கொழுக்கி கழன்ற சத்தம் கேட்டது.

"கிட்டப் போகாதையுங்கோ!" என்று கத்தினேன். "ஒருத்தரும் சாகேல்லை! நான் வசந்தியின்ரை அக்கா. பாரிசில இருந்து வந்தனான். எனக்கு வருத்தம் இருக்கோ இல்லையோ தெரியாது. இந்த வீட்டுக்கை வராதையுங்கோ!"

அத்தனை சப்பாத்துகளும் ஒரேயடியாகப் பின்னால் போயின. கதவு திரும்பச் சாத்துப்பட்டது. "சொல்லியிருக்கலாமே" என்றது ஒரு குரல். "வருத்தத்தை ஒளிச்சு வைச்சுக்கொண்டு துடக்கெண்டு சொல்லுதுகள், வெக்கம் கெட்டதுகள்" என்றது இன்னொன்று. ஒரு பெண் மட்டும் போகாமல், தூரத்தில் நின்றபடியே குனிந்து யன்னலைப் பார்த்தார். நரைத்த தலை, பெரிய பொட்டு.

"அப்ப கந்தப்பு அண்ணைக்கு ஒண்டுமில்லையே, பிள்ளை?"

"அவர் சுகமா இருக்கிறார், பூமணி அக்கா."

"அப்பாடா. முருகா." ஒரு பிளாஸ்க்கைப் படியில் வைத்தார். "தேத்தண்ணி கிடக்கு. ஆறமுன்னம் குடியுங்கோ."

அந்தத் தேநீரை ஒருவரும் குடிக்கவில்லை. பின்னேரம் குணம் வந்து, கையுறை போட்டு, பிளாஸ்க்கைத் தூரப்பிடித்துப் பனியில் ஊற்றினார். பனியில் மண்ணிறத்தில் ஒரு வட்டம். பிளாஸ்க்கை மூன்று முறை கழுவிக் கராஜுக்குள் வைத்தார்கள்.

அடுத்து வந்த நாட்கள்

திங்கட்கிழமை எல்லையைப் பூட்டப்போவதாகச் செய்தி வந்தது. பாரிசில் வீட்டைவிட்டு இறங்கவே கூடாதாம். தேத்தண்ணீர்கூடப் போடத் தெரியாத என் மனுசன் அங்கே தனியே. அன்றுதான் கரவெட்டியிலிருந்தும் மேலே வசந்திக்கு அழைப்பு வந்தது, ஒலிபெருக்கியில் போட்டதால் குழாய் வழியே எனக்கும் கேட்டது. ரொறன்ரோவிலிருந்து யாரோ துக்கம் விசாரிக்க எடுத்தபோது பெரியப்பாதான் தொலைபேசியைத் தூக்கியிருக்கிறார்.

"பிள்ளை, என்னை எப்ப எடுக்கிறதாம்? பறையைக் கிறையைச் சொல்லிப்போட்டியளோ?"

சிரித்த சிரிப்பில் எனக்கு இருமல் வந்தது. இருமிய கையோடு சிரிப்பு நின்றுவிட்டது. மேலே வசந்தியும் சிரிப்பை நிறுத்தியது குழாய் வழியே கேட்டது.

புதன்கிழமை அவளுக்கு மேல் காய்ந்தது. 37.8. முப்பத்தெட்டைத் தொட்டால் உடனே கொண்டுவரச் சொன்னது ஆசுப்பத்திரி. யன்னலால் ஏதும் போயிருக்குமோ, சாப்பாட்டுத் தட்டால் போயிருக்குமோ, அந்த வெப்பக் குழாயால் போயிருக்குமோ? பழைய துணியைச் சுருட்டிக் குழாயை அடைத்தேன். என்னால்தான், என்னால்தான் என்று மனம் அடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை காய்ச்சல் தானாக இறங்கியது. என்ன காய்ச்சல் என்று இன்றுவரை தெரியாது.

சனிக்கிழமை மற்றச் செய்தி வந்தது. பூமணி அக்கா ஆசுப்பத்திரியில். கலியாணத்துக்கு லண்டனிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அது அவருக்குள் இருந்திருக்கும் போல. நான் கத்தியது என் வருத்தம் தங்கைக்குப் போய்விடக்கூடாது என்று. அது வாசலில் பிளாஸ்க்கோடு நின்றது என்று யார் கண்டது?

அடுத்த செவ்வாய்க்கிழமை பூமணி அக்கா இறந்துபோனார்.

வியாழக்கிழமை, புறப்பாடு

பதினாலு நாள் முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. ஆனால் இதை விட்டால் அடுத்த விமானம் எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். இருமல் காய்ச்சல் ஒன்றும் இல்லாததால் புறப்பட்டேன். மாடிப்படி ஏறாமலே, தங்கையைத் தொடாமலே, நிலக்கீழ் அறையின் பின்கதவால் வெளியே வந்தேன். வசந்தி முன்யன்னலில் நின்றாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்திருந்தாள். நான் பாதையில் நின்று வடிவாகப் பார்த்தேன். மெலிந்திருந்தாள், தலைமயிர் கொட்டியிருந்தது, உயிரோடு இருந்தாள்.

படியில் பூமணி அக்காவின் பிளாஸ்க் இருந்தது. வசந்தி தேநீர் போட்டு நிரப்பியிருந்தாள்.

பூமணி அக்காவின் வீடு இருந்த ரொக்ஸ்பரோ விமான நிலையத்துக்கு அப்பால். சுற்றுத்தான், ஆனாலும் போனோம். தெருவில் ஒரு குருவி இல்லை. நேற்றைய பனி படிகளில் அப்படியே கிடந்தது. ஒரு கால்தடம் இல்லை. உண்மையான செத்த வீடு, வாசலில் ஒரு சோடி சப்பாத்து இல்லை. குணம் ஏறிப் பிளாஸ்க்கை வைத்து, மணியை அழுத்திவிட்டு, காரடிக்குத் திரும்பி வந்தார். கதவைத் திறந்தவர் பூமணி அக்காவின் கணவர் சிவலிங்கம். அவரையும் தனியே இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணை, நான் குணம். இவ மச்சாள், பாரிசில இருந்து வந்தவா."

அவர் குனிந்து பிளாஸ்க்கைத் தூக்கி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"இது பூமணியின்ரை எல்லே."

"ஓம் அண்ணை."

"உள்ளுக்கு வாங்கோ எண்டு கூப்பிட ஏலாமக் கிடக்கு." என்னைப் பார்த்தார். "அண்டைக்கு வந்து சந்தோசமாச் சொன்னவா, கந்தப்பு அண்ணை இருக்கிறாராம் எண்டு. பேந்து ஒரே கவலை, தேத்தண்ணிக்குச் சீனி கூடிப்போச்செண்டு. குடிச்சனீங்களே, பிள்ளை?"

பொய் சொன்னதற்காகக் குணத்தை அந்த நாட்கள் முழுக்கத் திட்டியவள் நான். குணம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓம் அண்ணை, குடிச்சனாங்கள்," என்றேன். "சீனி அளவாத்தான் இருந்தது."