இரண்டாவது கை உப்பு

கஸ்பார் ரொட்ரிகோ எதைச் சமைத்தாலும் அவருடைய மனைவி விஜிலா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். "உப்பு கணக்கா இருக்கு." அதற்கு மேல் பாராட்டு அந்த வீட்டில் கிடையாது. எத்தனையோ கேப்டன்கள் முதுகில் தட்டிக் கொடுத்த மனிதர்தான், ஆனாலும் அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் பெரிது. கப்பலைவிட்டு இறங்கி ஊருக்கு வந்தால் மறுநாளே குசினிக்குள் நுழைந்து மீன்குழம்பு வைத்துவிடுவார். அவள் ஒரு வாய் தின்று அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போகும் மரத்தோணியில் பண்டாரியாகத் தொழிலைத் தொடங்கினார். தோணியில் சமையல்காரனுக்கு அதுதான் பெயர். பிறகு வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் ஏறி சீஃப் குக் வரை வந்தார். கப்பலில் இருபத்திரண்டு பேர் என்றால் ஏழு நாட்டு வாய். ஒருத்தனுக்குப் பிடித்தது இன்னொருத்தனுக்கு ஆகாது. அத்தனை வாயையும் அடக்கியது அவர் செய்யும் தக்காளிப் பச்சடிதான். தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய் எல்லாவற்றையும் பொடியாக அரிந்து, எலுமிச்சை பிழிந்து, தூத்துக்குடியிலிருந்து துணிப்பையில் கொண்டுபோன கல்லுப்பைப் போட்டுப் பிசைவார். கப்பல்காரர்கள் அதற்கு சால்சா என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயர் விஜிலாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. போன் போடும்போதெல்லாம், "இந்தக் கப்பல்ல சால்சான்னா என்னவாம்?" என்று கேட்பாள். அவரும் விசாரித்துச் சொல்வார். மெக்சிகோக்காரனுக்கு இதே பச்சடிதான், மிளகாய் மட்டும் கூட நாலு. ஸ்பெயின்காரனுக்கும் இத்தாலிக்காரனுக்கும் சோற்றிலோ கறியிலோ ஊற்றுகிற எல்லாமே சால்சா. பிலிப்பைன்ஸ் ஆட்கள் சார்சா என்பார்கள். கொலம்பியாக்காரன் ஒருவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பை வெட்டி வெட்டி ஆடிக் காட்டினான், அதுவும் சால்சாதானாம். போர்ச்சுகீசிய அதிகாரி ஒருவர் மீன் வறுவல்மேல் கொஞ்சம் சால்சா தூவு என்றார். இவர் பச்சடியைக் கொட்டிவிட்டார். அவர் கேட்டதோ கொத்தமல்லி மாதிரி ஒரு தழை! கொரியாக்காரன் ஒருவன் பெயரைக் கேட்டதுமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் பாஷையில் கிட்டத்தட்ட அப்படிச் சொன்னால் வயிற்றுப்போக்காம். அன்றைக்கு விஜிலா போனிலேயே புரையேறிச் சிரித்தாள்.

வேரைச் சொன்னவர் ஒரு ஸ்பெயின் இன்ஜினியர். லத்தீனில் சால் என்றால் உப்பு, சல்சா என்றால் உப்பிட்டது, நாம் சாஸ் என்பதும் அங்கிருந்து வந்ததுதான் என்றார். லத்தீன் என்றதும் கஸ்பாருக்குத் தன் ஞானஸ்நானக் கதை ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் குழந்தையின் நாக்கில் சாமியார் லத்தீன் சொல்லி உப்பு வைப்பார். மற்ற பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கும், இவர் சப்புக்கொட்டினார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"அப்போ பேரே உப்புத்தான். அது சரியில்லன்னா அதுக்குப் பேரே கெடையாது, என்ன?" என்றாள் விஜிலா, இதைப் போனில் கேட்டுவிட்டு.

"கெடையாதுளா," என்றார் கஸ்பார்.

கொரோனா வந்த வருஷம் அவர் நடுக்கடலில் இருந்தார். காய்ச்சல் ஆறு நாளில் போய்விட்டது, நாக்கு மட்டும் திரும்பி வரவில்லை. கப்பலில் எல்லாருக்கும் ருசி திரும்பியது, இவருக்கு வெந்நீரும் குழம்பும் ஒன்றாகவே நின்றுவிட்டது. வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று மறைத்தார். கை பழகிய கைதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஒருநாள் மேசையில் வைத்த தட்டுகள் அப்படியே திரும்பி வந்தன. அடுத்த துறைமுகத்தில் அவரை இறக்கி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர் குசினிப் பக்கமே போகவில்லை. மகன் மஸ்கட்டில், மகள் நாகர்கோவிலில், வீட்டில் இவர்கள் இரண்டே பேர். நாலு மாதம் பொறுத்துப் பார்த்த விஜிலா ஒருநாள் அகப்பையை அவர் கையில் திணித்தாள்.

"நீங்க பொங்குங்க. நான் ருசி பாக்கேன். எனக்கு நாக்கு இருக்குல்லா?"

அன்று அவர் வைத்த குழம்பைத் தொட்டு நக்கி, "ஒரு பொட்டு தூக்கலா இருக்கு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கஸ்பார் அகப்பையைக் கீழே வைத்தார். நாலு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார், சோறும் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அவளே சீலாமீன் வாங்கி வந்து, கெஞ்சிக் கூத்தாடி அவரை அடுப்பு முன்னால் நிறுத்தினாள். சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்.

"உப்பு கணக்கா இருக்கு."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.

அதன்பிறகு தினமும் அவர்தான் சமைத்தார். விஜிலாவுக்கு பிரஷர் உண்டு, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அது தெரிந்து அவர் கைப்பிடியைப் பாதியாக்கித்தான் போட்டார். பதினோரு மாதம், ஒருநாள் தவறாமல் அவள் அதையே சொன்னாள். நாக்கு போனாலும் கை போகவில்லை என்று கஸ்பார் நம்பத் தொடங்கினார். அது மட்டும் நிஜமாக இருந்தால் திரும்பவும் கப்பல் ஏறிவிடலாம். சென்னையில் ஒரு ஏஜென்சிக்கு எழுதிப்போட்டார். நேரில் வந்து சமைத்துக் காட்டச் சொல்லிப் பதில் வந்தது. மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி அந்தக் கடிதத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

போக ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த விஜிலா அப்படியே சரிந்து விழுந்தாள். வலது கையும் காலும் வரவில்லை, வாய் கோணிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், பிரஷர் இருநூறைத் தாண்டி நிற்கிறது, வீட்டில் உப்பு எப்படி என்று கேட்டார். "பாதிதான் சார். நானே கையால அளந்து போடுதேன், நான் கப்பல் குக்," என்றார் கஸ்பார்.

மறுநாள் விஜிலாவுக்கு மாற்றுத்துணி எடுக்க அவர் வீட்டுக்குப் போனபோது, திரேஸ்புரத்திலிருந்து வந்திருந்த அவருடைய தங்கச்சி ஆனியும் கூடப் போனாள். அவள் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. ஃபிரிட்ஜில் அவர் கடைசியாக வைத்த குழம்பு இருந்தது. சூடு பண்ணிச் சோற்றில் ஊற்றி ஒரு வாய் வைத்தவள் ஓடிப்போய்த் துப்பினாள்.

"அண்ணே, இது கொழம்பா, கடத்தண்ணியா? இதையா மைனி தின்னாவ?"

"கணக்கா இருக்குன்னு சொன்னாளே ஆனி."

ஆனி தட்டை ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள். "போன மாசம் நான் வந்தப்ப என்னய இங்க சாப்பிட விடல. கடையில புரோட்டா வாங்கித் தந்தாவ. அண்ணன் மெட்ராசுக்குப் போய்ட்டு வார வரைக்கும் யாரும் வந்து உப்பு கிப்புன்னு வாயத் தொறந்துராதியன்னாவ. எனக்கு அப்போ ஒண்ணும் வெளங்கல அண்ணே."

கஸ்பார் குழம்பில் விரலை விட்டு நக்கினார். ஒன்றுமே தெரியவில்லை. வெந்நீர்தான்.

டாக்டர் உப்பில்லாக் கஞ்சி கொடுக்கச் சொல்லியிருந்தார். அவர் அடுப்பைப் பற்றவைத்து நொய்யரிசியைப் போட்டார். கொதித்ததும் பழக்கம்போல் அகப்பையிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினார். உடனே வலது கை தானாக உப்பு ஜாடிக்குள் போனது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. முதலில் ஒரு கை உப்பு போடுவார், கொதித்தபின் நக்கிப் பார்த்து இன்னொரு கை எடுப்பார். நாக்கு போதும் என்று சொன்னால் இரண்டாவது கையை ஜாடியிலேயே உதறிவிடுவார், முப்பது வருஷப் பழக்கம். இப்போது போதும் என்று சொல்ல நாக்கு இல்லை. முதல் கையைப் பாதியாக்கியது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது, இரண்டாவது கை பதினோரு மாதமாக அவரைக் கேட்காமலே விழுந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். கல்லுப்பு தரையில் சிதறியது. பாவி, பாவி என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டு அழுதார். ஆனி வந்து கஞ்சியை இறக்கி வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் தலையணையை உயர்த்தி அவளைச் சாய்த்து உட்காரவைத்து, கஞ்சியை ஆற்றி ஒரு ஸ்பூன் ஊட்டினார். பாதி கடைவாயில் வழிந்தது, துடைத்துவிட்டார். விஜிலா விழுங்கிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். விழுந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு பேச்சு வந்திருக்கவில்லை. இப்போது உதடு ஒருபக்கமாக இழுக்க, மென்று மென்று சொன்னாள்.

"உப்பு... கணக்கா... இருக்கு."

ஆனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"ஆமாளா," என்றார் கஸ்பார். "கணக்காத்தான் போட்டேன்."

அவள் அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.