ரூபாக்காவின் குரலில் வெட்டி எறிந்த பாதி

ரூபாக்கா, நீ இருந்திருந்தால் இதை எழுதவே விட்டிருக்க மாட்டாய். "ஒனக்கு வேற வேலையே இல்லியாடா?" என்று தலையில் ஒரு தட்டு தட்டியிருப்பாய். ஆனாலும் எழுதுகிறேன். இன்னும் வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

இது நடந்தது போன வருஷம், மழை விட்டுப் பனி ஆரம்பிக்கும் சமயத்தில். எங்கள் ஊர் ஓசூரைத் தாண்டி, தளிக்குப் பக்கம். நான் ஒன்பதாவதோடு நின்றவன், ஆட்டோ ஓட்டுகிறேன். அக்கா ஓசூரில் ஒரு கம்பெனியில் லைனில் வேலை பார்த்தாள். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் கன்னடம், கம்பெனி பஸ்ஸில் கூட வரும் பெண்களிடம் தெலுங்கு என்று மூன்றும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனாலேயே ஓசூரில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோக்காரர் அவளைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விளம்பரம் போகுமே, அதற்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை லீவில் போய் அக்காதான் பேசிக் கொடுப்பாள். துணிக்கடை, கண் முகாம், கோயில் திருவிழா எல்லாம். மூன்று பேரைக் கூப்பிட வேண்டிய வேலை ஒரே ஆளோடு முடிந்துவிடும் இல்லையா!

அக்காவுக்குக் கட்டைக் குரல். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே கனமான குரல். கஸ்டமர் கேரில் இருந்து ஃபோன் வந்தால், "சொல்லுங்க சார்" என்பார்கள். பேசுகிறவன் ஆணாக இருந்தால் அக்கா விட மாட்டாள். "சொல்றேங்க மேடம்" என்பாள். பொண்ணு பார்க்க வந்த ஒரு அம்மா, காபியைக் குடித்துக்கொண்டே, "பொண்ணுக்குத் தொண்டையில ஏதாச்சும் கோளாறா?" என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே, "இல்லீங்க, கம்பெனி மிசினு சத்தத்துக்கு மேல பேசிப் பேசி இப்படி செட் ஆயிடுச்சு. ஒங்க பையனுக்குக் காது நல்லா கேக்குமில்ல?" என்று திருப்பிக் கேட்டாள். அந்த இடம் அதோடு போய்விட்டது. அம்மா திட்டினாள். நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்த அக்கா காய்ச்சல் என்று படுத்தவள், எழவில்லை. ரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவ கொரல ஒரு வாட்டி கேக்கணும்டா." அக்காவின் ஃபோன் பேட்டர்ன் யாருக்கும் தெரியவில்லை. கடையில் கொடுத்தால், "திறந்தா உள்ள இருக்கறது எல்லாமே அழிஞ்சிடும்" என்றார்கள். அப்போதுதான் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு அக்கா பேசிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. ஸ்டுடியோக்காரரிடம் கேட்டேன். பாவம் என்று உடனே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். காரியத்தன்று சாப்பாட்டுக்கு முன்னால், சவுண்டு செட்டுக்காரரிடம் சொல்லிப் பெரிய பாக்ஸில் போட்டேன்.

"நம்ம ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு அனைவரும் குடும்பத்தோடு வருக வருக..."

எல்லோரும் அழுதார்கள். சிங்காரப்பேட்டை அத்தை, "ரேடியோவுல பேசறவங்களாட்டம் எவ்ளோ இனிமையா இருக்குது பாரு" என்று மூக்கைச் சிந்தினாள். அம்மா மட்டும் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"இது யாருடா?"

"அக்காம்மா."

"எம் பொண்ண எனக்குத் தெரியாதா? எவளோ ஒருத்தி கூப்புட்டுக்கினு இருக்கா. நிறுத்துடா அத."

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா சொன்னது சரி. இத்தனை நாளும் என் ஆட்டோ மேலேயே அந்தக் குரல் போயிருக்கிறது. கூம்பு ஸ்பீக்கரில் எல்லாமே அப்படித்தான் கீச்சென்று கேட்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் இப்போது போட்டது கூம்பு இல்லை, இடுப்பு உயர பாக்ஸ். அதிலும் அதே சன்னக் குரல். அப்படியென்றால் அக்கா குரலை யாரோ என்னவோ செய்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையிலேயே ஸ்டுடியோவுக்குப் போய் நின்றேன். "எங்க அக்கா பேசனது அப்படியே வேணும்ணா" என்றேன். "அதெல்லாம் அழிச்சாச்சுப்பா. குடுத்தேனே, அதான்" என்றார். "அது எங்க அக்கா கொரலே இல்ல, என்ன பண்ணீங்க?" என்று சத்தம் போட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒனக்கு என்னப்பா தெரியும், வா, வந்து பாரு" என்று கம்ப்யூட்டரில் அந்தத் திருவிழா வேலையைத் திறந்தார்.

திரையில் ஒரு கோடு. இடது பக்கம் பள்ளத்தில் விழுந்து கிடந்தது, வலது பக்கம் மேடு ஏறியிருந்தது. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சத்தம் என்பது காற்று ஆடுவது. மெதுவாக ஆடினால் கனமான சத்தம், வேகமாக ஆடினால் சன்னமான சத்தம். ஆட்டோவை நிறுத்தி வைத்து இன்ஜினை ஓட விட்டால் சீட்டுக்கு அடியில் கும்மென்று இருக்குமே, அது கோட்டின் இடது கோடி. பிரேக் தேய்ந்து கிரீச்சிட்டால் பல் கூசுமே, அது வலது பக்கம். ஒரு மனுஷக் குரலில் இரண்டும் கலந்திருக்கும். அதில் எதை ஏற்றலாம், எதை இறக்கலாம் என்று இழுத்து வைப்பதுதான் இந்தக் கோடு. ஈக்குவலைசர் என்றார்.

"கூம்பு ஸ்பீக்கரு கனமான சத்தத்தைத் தாங்காதுப்பா. உள்ள சத்தம் குடுக்கற டிரைவர் யூனிட் போயிடும். அதான் கீழ வெட்டறது, மேல கொஞ்சம் ஏத்தறது. அப்பதான் டிராபிக்ல வார்த்தை தெளிவா கேக்கும்."

அது நியாயம்தான். நான் ஒத்துக்கொண்டேன். "சரி, காரியத்துக்குன்னு கேட்டேனே, அதுக்கும் ஏன் வெட்டனீங்க?" என்றேன்.

"எப்பவும் போற செட்டிங்குலயே போட்டுட்டேன்." அப்புறம், "அதுவுமில்லாம, லேடீஸ் வாய்ஸ்ல அந்தக் கட்டை யாருக்குப்பா வேணும்? மொத வாட்டியே கடைக்காரங்க, என்னய்யா ஆம்பளை மாதிரி இருக்குதுன்னாங்க. அன்னைலேர்ந்து ஒங்க அக்காவுக்குன்னே தனியா இன்னும் கொஞ்சம் வெட்டி வெச்சிருக்கேன். நல்லாதானே இருந்துச்சு?" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! கூம்புக்காக வெட்டியது ஒன்று. அக்கா அக்காவாக இருந்ததற்காக வெட்டியது இன்னொன்று. அவளுடைய நாக்கு வேண்டும், மூன்று பாஷை வேண்டும், ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும். அவள் குரல் மட்டும் வேண்டாமாம்! யாரைக் கேட்டு வெட்டினார்கள்?

"அந்தக் கோட்ட மேல தூக்குங்க" என்றேன்.

"தூக்கனா நல்லா இருக்காதுப்பா."

"நல்லா இல்லாமலே இருக்கட்டும். தூக்குங்க."

அவர் ஒரு பெருமூச்சு விட்டு, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பட்டனை அமுக்கினார். பள்ளமும் மேடும் போய்க் கோடு நேராகிவிட்டது. அவ்வளவுதான் வேலை. அழிச்சாச்சு என்று சொன்னாரே, எதுவும் அழியவில்லை. வெட்டியது எல்லாம் மேலே போட்ட போர்வை மாதிரிதான், அடியில் அக்கா பேசியது பேசியபடி இருந்திருக்கிறது. எடுத்துக் கொடுக்க அவருக்குச் சோம்பல், அவ்வளவுதான். "மொதல்லேர்ந்து வுடுங்க, எதுவும் வெட்டாதீங்க" என்றேன்.

முதலில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு ஒரு செருமல். அப்புறம் என் அக்கா.

"அண்ணா, போன வாட்டி எங்க அம்மாவே தெருவுல கேட்டுட்டு, யாரோ பேசறாங்கன்னு போயிடுச்சு. இது எங்க ஊர் சாமிக்கு. இந்த வாட்டியாச்சும் என்னைய என்னை மாதிரியே வுடுங்கண்ணா." பிறகு அதே கட்டைச் சிரிப்பு. "ஆம்பளைன்னு நெனச்சா நெனச்சிக்கட்டும், சாமிக்குத் தெரியும்."

அதற்குப் பிறகுதான் "அனைவரும் வருக" வந்தது.

ஸ்டுடியோக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. "நான் அத கேக்கவே இல்லப்பா. ஹெட்ஃபோன அப்பறமாதான் மாட்டியிருப்பேன்" என்றார். கேட்டிருந்தால் மட்டும் விட்டிருப்பாரா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் கை நீண்டிருக்கும்.

வெட்டாத அதை அப்படியே ஃபோனில் ஏற்றி வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது தாங்க முடியாமல் வழியிலேயே ஆட்டோவை ஓரம் கட்டி ஃபோனில் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் சன்னமாகக் கேட்டது! ஏமாற்றிவிட்டார் என்று அவருக்கே ஃபோன் போட்டுக் கத்தினேன். "ஃபோன் ஸ்பீக்கரு நகம் சைஸு இருக்குது. கனமான சத்தம் அதுல எப்படிப்பா வரும்? நல்ல பாக்ஸா பாத்துப் போடு" என்றார். கோபத்திலும் அது எனக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டு ஹோம் தியேட்டரில் இருக்கும் பெரிய பாக்ஸைக் கேட்டு வாங்கி வந்து, அம்மா படுத்திருந்த அறையில் வைத்தேன்.

அம்மா முதலில் திரும்பவில்லை. செருமல் சத்தம் வந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். "எங்க அம்மாவே தெருவுல கேட்டுட்டு" என்றதும் தவழ்ந்தே வந்து பாக்ஸ் மேல் உள்ளங்கையை வைத்தாள். அக்கா பேசப் பேசக் கைக்குள் அதிர்ந்திருக்கிறது. கையை எடுக்கவே இல்லை.

"சளி புடிச்சிருக்குது பாரு. ஐஸ் தண்ணி குடிக்காத, குடிக்காதன்னு தலைதலையா அடிச்சிக்கினேன், கேட்டாளா இவ?" என்று திட்டினாள். எப்போதும் திட்டுகிற மாதிரியே திட்டினாள். திட்டிக்கொண்டே இருந்தவள், அப்புறம்தான் உடைந்து அழுதாள். அக்கா போனதிலிருந்து அம்மா அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

இந்த வருஷம் திருவிழாவுக்கு ஊரில் என்னையே விளம்பரத்துக்குப் போகச் சொன்னார்கள். கூம்பைக் கழற்றி வைத்துவிட்டு, பின் சீட்டில் பெரிய பாக்ஸைக் கட்டிக்கொண்டு போனேன். அக்கா குரலில், வெட்டாமல். சத்தம் முன்பு மாதிரி தூரம் போகாது, தெரியும். ஒருத்தன், "என்னப்பா ஆம்பளை பேசறான்?" என்றான். "எங்க அக்கா" என்றேன்.

இப்போதும் ரோட்டில் எந்தப் பெண் குரல் கூம்பில் போனாலும் வண்டியை மெதுவாக்கிக் கேட்கிறேன். இது யாரோ, இவளிடம் எவ்வளவு வெட்டினார்களோ என்று மனசு கொதிக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, எங்கள் ரூபாக்காவுக்காக ஒரு தடவை கையெடுத்து வேண்டிக்கொள்ளுங்கள். போன இடத்திலாவது அவளை அவள் குரலிலேயே பேச விடட்டும்.