ஒட்டாமல் ஓடிய வெள்ளை அணுக்கள்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மலையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை சுமந்து, அதில் ஒரு ஜீப் வாங்கி, இன்று வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் எனக்கு ஆறு வண்டி ஓடுகிறது. மாத்திரை தொடாத உடம்பு என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

கள்ளக்குறிச்சி டாக்டரம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். காலில் முள் குத்திய புண் இரண்டு மாதமாக ஆறவில்லை என்று போயிருந்தேன். சர்க்கரை இல்லை. ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணு ரொம்ப அதிகம். மறுபடி எண்ணச் சொன்னார், அப்படியேதான் வந்தது. ரத்தப் புற்றுநோயா என்று பார்க்க, சேலத்தில் எலும்புக்குள் ஊசி விட வேண்டியிருக்கும் என்றார்.

மாத்திரை ஏதும் சாப்பிடுவது உண்டா என்று திரும்பவும் கேட்டார். தொட்டதே இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"டெய்லி காலைல இன்னா முழுங்கறாருன்னு கேளுங்க டாக்டரம்மா. மூட்டு வலிக்கு மெடிக்கல்ல சீட்டு இல்லாம, நாலஞ்சு சேத்துக் குடுக்கற செட்டு மாத்திரை வாங்கி ஒரு வருசமா துன்னுக்கினு கீறாருங்க."

வலிக்குத் தின்பதை நான் மருந்து என்றே நினைத்ததில்லை. டீ குடிப்பது மாதிரி அது. என் பையிலிருந்த பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, நாலைந்து மாத்திரையில் ஒன்றை டாக்டரம்மா தனியாக எடுத்தார். ஸ்டீராய்டு என்றார்.

"வெள்ளை அணுவுல பாதி ரத்தத்துல ஓடும், பாதி குழாய்ச் சுவத்துல ஒட்டிக்கினு நிக்கும். இது ஒட்ட வுடாது. எல்லாம் ஓட்றதால எண்ணிக்கை ஜாஸ்தியா தெரியுதுங்க."

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. வண்டி எண்ணிக்கை கூடவில்லை, ஸ்டாண்டில் நின்ற வண்டியெல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டது. எங்கேயும் நிற்காத வண்டியிலிருந்து ஆள் எப்படி இறங்குவான்? புண்ணுக்குப் போக வேண்டிய அணுவும் இறங்க வழியில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. இதைச் சொன்னதும் டாக்டரம்மா சிரித்துவிட்டார். படித்தவர்களுக்கே இவ்வளவு சீக்கிரம் புரியாது என்றுதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

சட்டென்று நிறுத்தினால் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். சேலத்தை அதற்கப்புறம் பார்க்கலாம்.

அவர் சொன்ன கணக்குப்படியே குறைத்தேன். முட்டி வலியில் மலை ரோட்டு வளைவு ஒவ்வொன்றும் உயிரை எடுத்தது. கடைசி மாத்திரை முடிந்து சில வாரம் கழித்து மறுபடி சோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. புண்ணும் மூடி, புதுத்தோல் வந்திருந்தது. சேலம் போக வேண்டாம் என்றார். வெளியே வந்து என் ஜீப்பில் சாய்ந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். வண்டியில் ஏறத் தோன்றவில்லை.

அந்த மாத்திரையை இப்படி ஒழுங்காக விட்ட ஆள் மலையில் நான் ஒருவன்தான்.